தோமிகோ அம்மாளின் புதிய தரை

நோத்தோ, மார்ச் 9

மதிப்பிற்குரிய கணவர் கியோதகா அவர்களுக்கு,

தங்கள் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். நான் நலமே.

நிலநடுக்கத்தில் சிதைந்த தோமிகோ அம்மாளின் வீட்டுக்குத் தொண்டர்கள் நாங்கள் ஐவரும் நேற்றுப் புதிய பலகைத் தரை பதித்து முடித்தோம். கணவரைப் பறிகொடுத்த வீட்டில் இனிக் கால்வைப்பதில்லை என்று அவர் வாசலிலேயே நின்றார். ஆணிகள் கிடக்குமாதலால் உள்ளே பூட்ஸைக் கழற்றலாகாது என்பது எங்கள் விதி. நானோ பழக்கத்தால் வாசலில் கழற்றிவிட்டு ஏறி, ஓர் ஆணியை மிதித்துவிட்டேன். சிறு கீறல்தான், ஊசியும் போட்டாயிற்று.

"ஏம்மா, இடிஞ்ச கட்டடத்துக்குள்ள போக யாராவது பூட்ஸைக் கழட்டுவாங்களா? புத்தி எங்க போச்சு?" என்று அதட்டினார் தோமிகோ.

"வீடுன்னு நெனச்சுட்டேன் அக்கா," என்றேன்.

அவர் தம் காலணிகளைக் கழற்றி, வீடு புகுவோர் வழக்கப்படி நுனி தெருவை நோக்கத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

தாங்கள் காலைதோறும் கைகூப்புவதைக் கேலி செய்தவள் நான். நேற்று என் கைகள் தாமாகவே குவிந்தன. யாரை நோக்கி என்று இன்னும் அறியேன். ஆயினும், நான் இருக்கவேண்டிய இடம் இது என அறிந்தேன். அடுத்த மாதமும் தங்கியிருக்க அனுமதி வேண்டுகிறேன்.

கனத்த காலுறை இரண்டு ஜோடி அனுப்புக. புதியவை வேண்டா; தாங்கள் அணிந்தவையே போதும்.

தோமிகோ அம்மாள் இன்று தம் அடுக்களையில் அடுப்பு மூட்டி, எங்களுக்குச் சோற்றுருண்டை பிடிக்கிறார். ஆறுவதற்குள் வரச்சொல்லி அழைக்கிறார்; போகிறேன்.

தங்கள்
மிசுயோ