சின்னக் குளமும் வியாழக்கிழமைச் சவுனாவும்

அன்பு மகள் கத்ரிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டும் சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நியூசிலாந்து வெயிலில் நீயும் மாப்பிள்ளை கேலமும் குழந்தை இல்மாவும் சுகம் என்பதை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் எனக்கு மனம் ஆறும். போனில் நீ "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு" என்று சொல்லி வைத்துவிடுகிறாய், நானும் அதையே சொல்லி வைத்துவிடுகிறேன், இப்படியே போனால் இரண்டு பேரும் பொய்யிலேயே காலம் தள்ளிவிடுவோம். அதனால் இன்று காப்பியைக் கலந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஏரி நன்றாக உறைந்துவிட்டது, கார்கள்கூட அதன் மேல் போகின்றன. உன் பழைய பனிச்சறுக்குப் பலகைகளை அடுத்த வீட்டு ஐலாவின் பேத்திக்குக் கொடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே, நீ வந்து அவற்றில் ஏறப்போவதில்லை.

இந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு ஒரே கவலை நீச்சல் கூடம்தான். நம் ஊரை நகரத்தோடு சேர்த்த பிறகு எல்லாவற்றையும் அங்கே இருந்துதான் முடிவு செய்கிறார்கள் என்பது உனக்குத் தெரியும். முதலில் நூலகத்தின் நேரத்தைக் குறைத்தார்கள், பிறகு பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்குத் தரைக்குத் தண்ணீர் ஊற்றி உறையவைக்கும் ஆளை நிறுத்தினார்கள், இப்போது நீச்சல் கூடத்தையே மூடிவிடலாம் என்று ஆரம்பித்தார்கள். கட்டடம் பழையது, சூடாக்கச் செலவு அதிகம், நகரத்தில் புதுக் கூடம் இருக்கிறது, பஸ்ஸில் வந்துவிடலாம் என்கிறார்கள். அந்தப் பஸ் காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்பும், அதில் ஏறும் படி எவ்வளவு உயரம் என்று அவர்களில் யாராவது பார்த்திருப்பார்களா. பக்கவாதம் வந்த பிறகு அப்பாவின் இடது கால் தரையில் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆனால் நீச்சல் கூடத்துக்குள் இருக்கும் அந்த வெதுவெதுப்பான சின்னக் குளத்தில் இறங்கிவிட்டால் கைத்தடி இல்லாமல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடக்கிறார். ஒரு நாள் காரில் வரும்போது தானாகவே சொன்னார், "தண்ணிக்குள்ள இருக்கும்போது மட்டுந்தான் ஹில்க்கா நான் பழைய ஆளா இருக்கேன்." உன் அப்பா வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வந்தால் அது எவ்வளவு ஆழத்திலிருந்து வந்திருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சின்னக் குளம் போனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார், பிறகு எழுந்திருக்க மாட்டார், எனக்கு அந்தப் பயம்தான்.

மக்களிடம் கருத்துக் கேட்கிறோம் என்று பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். அன்று அடித்த குளிருக்கு நாயைக்கூட வெளியே விட முடியாது, ஆனாலும் ஊரே வந்துவிட்டது. முன் வரிசைகளைக் காலியாக விட்டுவிட்டு எல்லோரும் வழக்கம்போலப் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். ஒருவர்கூடக் கோட்டைக் கழற்றவில்லை. நகராட்சியிலிருந்து வந்த மனிதர் சுவரில் படம் படமாகக் காட்டினார், கடைசியில் யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். ஒரு சத்தம் இல்லை. யாரோ இருமினார்கள், அவ்வளவுதான். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, உங்கள் புரிதலுக்கு நன்றி என்று சொல்லி, காப்பியும் ஏலக்காய் பன்னும் கொடுத்தார். பன் நன்றாகத்தான் இருந்தது, சாப்பிட்டுவிட்டு வந்தோம். அந்த வாரம் பத்திரிகையில் பார்த்தால், ஊர் மக்கள் திட்டத்தை அமைதியாக ஏற்றுக்கொண்டார்கள் என்று போட்டிருக்கிறது. எனக்குத் தலை சுற்றிவிட்டது. இத்தனை பேர் அந்தக் குளிரில் வந்து, கோட்டைக் கழற்றாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படித்தான் எதிர்ப்பைக் காட்டுவான். அந்த நகராட்சி மனிதர் தெற்கே பெரிய நகரத்தில் வளர்ந்தவராம், நம் ஆட்கள் பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியவில்லை.

வாயைத் திறக்காத இதே ஜனங்கள் நீச்சல் கூடத்துச் சவுனாவுக்குள் போய் அந்த ஆவிச் சூட்டில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்துவிட்டால் எப்படிப் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு சவுனா இருக்கத்தான் செய்கிறது, ஆனால் வீட்டில் யாரோடு பேசுவது. அந்த வியாழக்கிழமை பெண்கள் பக்கம் அடுப்புக் கல்லைவிட ஆட்கள்தான் அதிகம் கொதித்தார்கள். அப்போதுதான் ஐலா சொன்னாள், "நாம அங்க போய்ப் பேச மாட்டோம், அது நமக்கு வராது. அவங்கள இங்க கூட்டிட்டு வா ஹில்க்கா." எனக்கு அது சரி என்று பட்டது. நகராட்சியின் விளையாட்டு, பொழுதுபோக்குக் குழுவுக்குத் தலைவி ரீக்கா என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். போன் போட்டு, மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை வந்து குளித்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டேன். தட்ட முடியாமல் வந்தாள். சவுனாவுக்குள் தலைவி என்ன, கடைக்காரி என்ன, எல்லோரும் பிறந்த மேனியாகத்தானே உட்கார வேண்டும். ஐலா ஒரு அகப்பைத் தண்ணீரைக் கல்லில் ஊற்றி ஆவியைக் கிளப்பிவிட்டு ஆரம்பித்தாள், பிறகு ஒருத்தி மாற்றி ஒருத்தி. பிள்ளைகள் நீச்சல் பழக வேறு எங்கே போவார்கள் என்று ஒருத்தி, புருஷன் போன பிறகு வாரத்தில் நாலு பேரைப் பார்ப்பதே இங்கேதான் என்று ஒருத்தி. நான் உன் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது, நல்ல வேளையாக எல்லோர் முகமும் வியர்வையில் நனைந்திருந்தது. ரீக்கா பாவம், சிவந்துபோய், "இதையெல்லாம் அன்னைக்குக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே" என்றாள். ஐலா விடுவாளா, "ஏம்மா, அன்னைக்கு எங்கள்ல ஒருத்தியாவது கோட்டைக் கழட்டினோமா? வேற எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள், நாங்களும் சிரித்தோம்.

அவள் போய்ச் சும்மா இருக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். நகராட்சி மன்றத்தில் அவள் பேசியதில், கூடத்தை மூட வேண்டாம் என்று முடிவாயிற்று. ஆனால் சூடாக்குவதற்கு நகராட்சி கொடுக்கும் உதவி குறையும், எதை நிறுத்துவது என்று பயன்படுத்துகிறவர்களே கூடி முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டார்கள். கணக்குப் பார்த்தால் சின்னக் குளத்தை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் சவுனாவை நிறுத்த வேண்டும், இரண்டும் சேர்ந்து ஓடாது. எனக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தோஷமும் போய்விட்டது. நம் ஊர்க்காரர்களிடம் போய், என் புருஷன் நடக்க வேண்டும், நீங்கள் சவுனாவை விட்டுவிடுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பேன். அதுவும் ஆண்கள் பக்கம் வியாழக்கிழமைக்கு ராஜா யார், உர்ஹோ. படகுத்துறைத் தகராறில் அப்பாவோடு பேச்சை நிறுத்தினானே, அந்த உர்ஹோதான், நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்துச் சண்டை, இன்னும் கடையில் எதிரே வந்தால் இருவரும் தக்காளியை முறைத்துக்கொண்டு நிற்பார்கள். அப்பாவிடம் கூட்டத்துக்குக் கிளம்பச் சொன்னேன். "நான் வரல. எனக்காக ஊரு சவுனாவை அணைக்கணுமா? வந்தா நானே சவுனாவுக்குத்தான் கை தூக்குவேன், விடு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனேன்.

போகும் வழியில் ஏரிக்கரையில் புகை தெரிந்தது. கோடைக் குளிப்பிடத்தில் நகராட்சிக்குச் சொந்தமான பழைய விறகுச் சவுனா ஒன்று பூட்டிக் கிடக்குமே, அதன் புகைபோக்கியிலிருந்துதான். எவனோ பூட்டை உடைத்துவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டு போனால், கூட்டத்தில் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆண்கள் ஒருவரும் இல்லை. ஐலாதான் சொன்னாள், "அவங்க வர மாட்டாங்க. உர்ஹோ காலையிலேயே ரீக்காகிட்ட ஏரிக்கரைச் சாவிய வாங்கிட்டான். ஓட்டைக் கூரையச் சரிபண்ணி, விறகு போட்டு, இப்பவே எரிக்கிறாங்க. இங்க இருக்கறத அணைச்சிடுங்க, கரண்ட்டுல சூடாகறதெல்லாம் ஒரு சவுனாவா, இத்தனை வருஷமா பல்லக் கடிச்சிட்டுப் பொறுத்துட்டிருந்தேன்னு சொல்லி அனுப்பியிருக்கான்." பொய்யைப் பார், இத்தனை வருஷமும் அங்கிருந்து அவனைக் கிளப்புவதற்கு விளக்கை அணைக்க வேண்டியிருந்தது. பெண்களும் ஆண்கள் முடித்த பிறகு ஏரிக்கரைக்கே போய்க்கொள்கிறோம் என்றார்கள். யாரும் அப்பா பெயரை எடுக்கவில்லை, என் பக்கம்கூடத் திரும்பவில்லை. எனக்கு அப்போது எல்லோரையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, நம் ஊரில் அப்படிச் செய்தால் பயந்துவிடுவார்கள் என்று பன்னை எடுத்துச் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னதற்கு ம் என்றார். வியாழக்கிழமை சின்னக் குளத்தில் இறங்கி எப்போதும்போல நடந்தார், உடை மாற்றிக்கொண்டு காரில் ஏறியவர் வீட்டுக்குப் போக வேண்டாம், ஏரிக்கரைக்கு விடு என்றார். பாதையெல்லாம் பனி, நான் பிடித்துக்கொள்கிறேன் என்றால் கேட்கவில்லை, தடியை ஊன்றி ஊன்றித் தனியாகவே போய்க் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். நான் காரிலேயே இருந்தேன், என் கை கால் விறைத்துப் போயிற்று, விழுந்துவிட்டாரோ, சண்டை போடுகிறார்களோ என்று என்னென்னவோ ஓடியது. ரொம்ப நேரம் கழித்து இரண்டு பேராக வந்தார்கள், தடி உர்ஹோ கையில் இருந்தது, அப்பா அவன் தோளைப் பிடித்திருந்தார். உர்ஹோ எனக்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டான். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் பேசல" என்றார். காரை எடுத்துப் பாதி வழி வந்த பிறகு அவராகவே சொன்னார். சூடு அதிகமுள்ள மேல் பலகையில் உட்காராதவனை ஆம்பளை என்றே ஒத்துக்கொள்ளாதவன் உர்ஹோ, அது உனக்கும் தெரியும். அப்பாவால் மேலே ஏற முடியவில்லை, கீழ்ப் பலகையில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். "அவன் எறங்கி வந்து எம் பக்கத்துல உக்காந்துக்கிட்டான், கடைசி வரைக்கும் மேல போகல" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார் கத்ரி, நான் காரை மெதுவாக ஓட்டினேன்.

நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், வீடு நிறைய ஆளும் சிரிப்புமாக நீண்ட காலம் இருக்க வேண்டும். இல்மாவின் கால் அளவைக் காகிதத்தில் வரைந்து அனுப்பு, அங்கே கோடையானாலும் கம்பளிச் சாக்ஸ் பின்னத்தான் போகிறேன். அப்பாவுக்குப் போன் செய்யும்போது சவுனாவைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவராகச் சொல்லட்டும்.

உன் அன்புள்ள அம்மா,
ஹில்க்கா