பௌர்ணமிக்கு வர வேண்டாம்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
12-8-98

பம்பாயில் இருக்கும் மகன் மாறனுக்கு அப்பா சுப்பன் சொல்லி எழுதுவது. அண்ணாமலையார் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறேன். நீ போய்ச் சேர்ந்த சேதி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். உன் சம்சாரம் எழில் நலம் என்று சொல்ல வாய் வரவில்லை. போனில் பேசலாம் என்றால் எஸ்.டி.டி. பூத்தில் நாலு பேர் காதை நீட்டிக்கொண்டு நிற்பார்கள், அதனால் பக்கத்து வீட்டு மொய்னுதீன் சம்சாரம் ரஹமத்துன்னிசாவை எழுதச் சொல்லி உட்கார வைத்திருக்கிறேன்.

நீ ரயிலேறிய மறுநாளே கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் அத்தை சந்திரம்மாள் வந்தாள். ஐந்து வருஷமாகியும் குழந்தை இல்லை, உனக்கு வேறு பெண் பார்க்கிறேன் என்றாள். நீயும் ரயிலேறுவதற்கு முன் அவளிடம் 'பாக்கலாம் அத்தே'னு சொன்னாயாமே. அடுப்படியில் இருந்த எழில் காதில் அது விழுந்துவிட்டது. சத்தம் போட்டு அழுதிருந்தால்கூடத் தேவலை. அத்தைக்குக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். எங்கேம்மா என்று கேட்டதற்கு, 'அவரு வந்து போன்னு சொல்றதுக்கு முன்னால நானே எங்கம்மா வூட்டுக்குப் போயிடறேன் மாமா' என்றாள்.

ரஹமத்துன்னிசாதான் பையைப் பிடுங்கி வைத்துவிட்டு அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். அங்கே சொன்னதை மாமனார் வாயால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 'நீங்க வெத்தலை போட்டுக்கினு அந்தப் பக்கம் திரும்பிக்குங்க பெரியப்பா, நானே எழுதறேன்' என்கிறாள்.

தம்பி, எழிலுக்குத் தூரம் ஒழுங்காக வருவதில்லை. ஒருமுறை சீக்கிரம் வரும், ஒருமுறை மாதம் தாண்டியும் வராது. அதனால் மலடி ஆகிவிடமாட்டாள் என்றார் டாக்டரம்மா. கருமுட்டை வெளிவருவதை ஒட்டிய சில நாள்தான் பிள்ளை தங்குமாம். மாதம் தவறாமல் வருகிறவர்களுக்கு அதை ஓரளவு கணக்குப் பார்க்கலாம், இவளுக்குக் கணக்கு நிற்காது, உடம்பு காட்டும் அடையாளத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் வெள்ளை, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழுவழுவென்று, இழுத்தால் நூலாக வரும். சிலருக்கு அடிவயிற்றில் ஒரு பக்கம் சுருக்கென்று வலிக்கும். இவளுக்கு அப்படி வந்திருக்கிறது, ஏதோ நோய் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். ரத்தம் பார்க்க வேண்டும், உங்களையும் சோதிக்க வேண்டுமாம். 'வீட்டுக்காரர் எப்ப வருவார்'னு கேட்டார். பௌர்ணமிக்கு என்றாள். 'வந்தா எத்தனை நாள் சேர்ந்து இருக்கீங்க'னு கேட்டார். 'ஒரு ராத்திரி இருந்தா அதிகம்' என்றாள்.

மாறா, அது எதனால் என்று எனக்குத் தெரியும். உன் அம்மா சாவதற்கு முன் வேண்டிக்கொண்டாள். நீ லீவில் வந்தால் பௌர்ணமிக்கு வந்து இருவரும் மலை சுற்ற வேண்டும், சுற்றி முடிக்கும்வரை தனித்தனியே படுத்து விரதம் இருக்க வேண்டும் என்று. சுற்றி முடித்தால் உனக்கு ரயில். பிள்ளை கேட்டு இருந்த விரதத்திலேயே உங்கள் நாளெல்லாம் போய்விட்டது.

உன் அம்மா கன்னியம்மாளுக்கும் இதே கோளாறுதான். எனக்கு எதுவும் மறக்காது. ஒரு தை மாதம் தள்ளிப்போயிற்று, முழுகாமல் இருக்கிறாள் என்று வளையல்கூட வாங்கிவிட்டார்கள். மாசியில் அவள் தூரமாகிப் பின்கட்டில் போய் உட்கார்ந்தாள். அன்று முழுக்க ஒருத்தரும் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன், அதற்கும் சிரித்தார்கள். எட்டு வருஷம் அப்படிப் போயிற்று. அவளுக்கு எந்த நாள் என்று எங்களுக்கு என்ன தெரியும். நான் வீட்டோடு இருந்தேன், நீ பிறந்தாய்.

எழிலை உன்னோடு கூட்டிப்போ. ஒண்டுக் குடித்தனமானாலும் ஒன்றாய் இருங்கள். அவள் போனால் இந்த வீட்டில் எனக்குப் பேச்சுத் துணை இல்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அம்மா வேண்டுதலையும் நானே ஏற்றுக்கொண்டேன், கால் உள்ளமட்டும் உங்களுக்காக மலை சுற்றுகிறேன். பிள்ளை பிறக்காமலே போனாலும் எனக்கு மருமகள் இவள்தான். சந்திரம்மாளிடம் சொல்லிவிட்டேன், நீயும் உன் வாயால் சொல்லிவிடு.

ரெண்டு பேரும் ஒரு கூரையின் கீழே நல்லபடி வாழ வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. மடித்த துணி இன்னும் பையில்தான் இருக்கிறது, பிரித்து வைக்க அவளுக்கு மனசில்லை. பௌர்ணமிக்கு வர வேண்டாம். அதற்கு முன்னால் வா.

இப்படிக்கு,
உன் அப்பா சுப்பன்
(இடது பெருவிரல் ரேகை)