மூன்று மாதம் வரை காத்திருக்கவில்லை

என் பயந்தாங்கொள்ளிப் புருஷனுக்கு,

"மூணு மாசம் முடியட்டும், அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று போனில் சொன்னீர்கள். விட்டுவிட்டேன், கம்பெனி முழுக்க.

கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைக் கேட்டு டாக்டரம்மா கணக்குப் போட்டார். பிரசவம் மார்ச் கடைசி வாரமாம். ஸ்கேன் எடுத்தால் கொஞ்சம் முன்னே பின்னே ஆகலாமாம். தையல் கம்பெனி காலண்டரில் அந்த வாரத்தையே வட்டம் போட்டுவிட்டார்கள். சூப்பர்வைசர், "இஸ்திரி மேஜைப் பக்கம் வராதே, உட்கார்ந்து பட்டன் தை" என்று விரட்டிவிட்டார். சத்து மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்து மெஷின்காரி நகர்வதில்லை.

உங்கள் அக்காதான் குதித்தார்.

"கண்ணு பட்டுடும்டி!"

"போன தடவை யாருக்குமே தெரியாதே, அண்ணி. அப்ப யார் கண்ணு பட்டுச்சு?"



ஐந்தாம் மாதம் பெரிய ஸ்கேன். லீவு போட்டுவிட்டு வந்து சேருங்கள். கடைசி மூன்று மாதம் செக்கப்புக்கு அடிக்கடி போகவேண்டும், அதற்குத் துணைக்கு இங்கே ஆள் இருக்கிறது.

போன தடவை, கலைந்த மறுநாளே வேலைக்குப் போனேன். முகம் ஏன் வாடியிருக்கிறது என்றவர்களிடம் தலைவலி என்றேன். கழிவறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதேன்.

இந்த முறை எது நடந்தாலும் குழாயைத் திறக்க மாட்டேன்.

சொன்ன பேச்சைக் கேட்காத,
உங்கள் பெண்டாட்டி