குழந்தைத் துணிகள் ஏன் குறைந்தன?

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். நீயும், உள்ளே உதைத்துக்கொண்டிருப்பவரும் சுகமா என்று அறிய ஆவல். கப்பலிலிருந்து மாப்பிள்ளை பேசினாரா? போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனை எடுத்த ஐந்தாவது நொடியில் உன் அம்மா பிடுங்கிவிடுகிறாள். அதோடு இது கொஞ்சம் நீளமான கதை. உட்கார்ந்து படி.

பிரசவத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் உன் பேரைப் பதிந்தாச்சா என்று மூன்று வாரமாகக் கேட்கிறாய். நானும் நாளைக்கு, நாளைக்கு என்கிறேன். அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாயாமே. மறதி இல்லை. கேள்.

எங்கள் சலவைப் பிரிவுக்குப் பிரசவ வார்டிலிருந்து தினமும் ஒரு மஞ்சள் மூட்டை வரும். பிறந்த குழந்தையைச் சுற்றுகிற துணிகள், ஏறக்குறைய நாற்பது. இருபத்தாறு வருஷமாக எண்ணித்தான் மெஷினில் போடுகிறேன், உனக்குத்தான் தெரியுமே. அது முப்பதாயிற்று. அப்புறம் பதினெட்டு. ஒரு செவ்வாய்க்கிழமை வெறும் ஏழு. எலும்பு வார்டுப் பச்சை விரிப்புகளோ மலையாகக் குவிகின்றன. குழந்தைத் துணிக்கு மட்டும் கால் முளைத்துவிட்டதா என்று மண்டையைக் குடைந்துகொண்டேன்.

உன் அப்பாவின் புத்தி எங்கே போகும்? திருட்டு என்று முடிவு கட்டினேன். பிரசவ வார்டு ஆயாவின் பை கொஞ்சம் பெரியது. அவ்வளவுதான் என் சாட்சி. அதை வைத்து மேற்பார்வையாளரிடம் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆயா நேராகச் சலவை அறைக்கு வந்தாள். கத்துவாள் என்று பார்த்தால் கத்தவில்லை. வாங்கண்ணே, நீங்களே வந்து எண்ணிக்கோங்க என்று கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனாள். இருபது கட்டிலில் பதினேழு காலி. தொட்டில்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் வைத்திருந்தார்கள். புள்ள பொறந்தாத்தானேண்ணே துணி வரும் என்றாள். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஊரில் யாருமே பிள்ளை பெறுவதில்லையா? தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது. கணக்குப் பிரிவில் 'முக்கால்' என்று ஒருவர் இருக்கிறாரே, தன் வயதைக்கூட ஐம்பத்து மூன்றே முக்கால் என்று சொல்பவர், அவரைப் பிடித்தேன். முன்பு பிரசவத்துக்கு ஆன செலவை இன்ஷூரன்ஸ்காரர்கள் அப்படியே கொடுத்தார்களாம். இப்போது விதி மாறிவிட்டது. சுகப்பிரசவமோ ஆபரேஷனோ, குழந்தையை ஒரு நாள் பார்த்தாலும் பத்து நாள் பார்த்தாலும், ஒரே தொகை. ஆனால் மயக்க டாக்டரும் குழந்தை டாக்டரும் இருபத்து நாலு மணி நேரமும் இருந்தே ஆக வேண்டும். பிரசவத்துக்குப் பிரசவம் ஆஸ்பத்திரிக்குக் கை நஷ்டம். முழங்கால் ஆபரேஷனுக்கோ தொகையைக் கூட்டிவிட்டார்கள். அதனால் பிரசவப் பதிவை நாலு மாதம் முன்பே சத்தமில்லாமல் நிறுத்திவிட்டார்கள். ஏற்கெனவே பதிந்தவர்கள் முடிந்ததும் அந்த வார்டு முழங்கால்களுக்கு.

எனக்கு வந்த கோபத்தில் விதி போட்டவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். முக்கால் சிரித்தார். முன்னெல்லாம் உங்க மஞ்சள் மூட்டையோட எத்தனை ஆபரேஷன் விரிப்பு வந்துச்சு, நீங்கதான் எண்ணுவீங்களே என்றார். யோசித்தேன். பத்துப் பிரசவத்துக்கு ஏழு விரிப்பு வந்த காலம் உண்டு. பில் ஏறட்டும் என்று வேண்டாத வயிற்றிலும் கத்தி வைத்திருக்கிறார்கள். அதைத் தடுக்கத்தான் இந்த ஒரே தொகை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையாகிவிட்டது. சரி, ஆளுக்கொரு நியாயம் இருக்கட்டும், நடுவில் ஒரு பெண் வலியோடு இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் பெரிய ஊருக்குப் போகிறாளே, அது யார் கணக்கில் வரும் என்று கேட்டேன்.

உனக்காகப் பெரிய டாக்டரம்மா முன்னாலும் போய் நின்றேன். இத்தனை வருஷத்தில் நான் கேட்ட முதல் சிபாரிசு. உட்காரச் சொன்னார். பேரை வேணா எழுதிடலாம், அன்னைக்கு மயக்க டாக்டர் இருப்பாரான்னு என்னால சொல்ல முடியாது, எம் பொண்ணா இருந்தா இங்க வரச் சொல்ல மாட்டேன் என்றார்.

அதனால் குட்டிம்மா, வராதே. பெற்ற மகளை வீட்டுக்கு வராதே என்று எழுத எந்த அப்பனுக்குக் கை வரும்? இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மூன்று வாரம் ஆயிற்று. உன் வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி என்றாயே, நாளைக்கே அங்கே பேரைப் பதிந்துவிடு. மயக்க டாக்டர் எந்நேரமும் இருப்பாரா என்று வாய்விட்டுக் கேள். கூச்சப்படாதே.

அம்மாவிடம் நேற்றுத்தான் சொன்னேன். உனக்காக அறை ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டிருந்தாள். அதைக் கழற்றி மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு, உன் வீட்டு ஜன்னல் என்ன அகலம் என்று எழுதிக் கேட்கச் சொன்னாள். புரிந்துகொண்டிருப்பாய். இரண்டு மாத லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டேன். உனக்கென்று, கழித்துப்போட்ட குழந்தைத் துணி எட்டு எடுத்துக் கொடுத்தாள். கையெழுத்து வாங்கிட்டுத்தாண்ணே எடுத்தேன், மறுபடி என் பையைப் பார்க்காதீங்க என்றாள். நூறு முறை வெந்நீரில் துவைத்த துணி. இவ்வளவு மெத்தென்று கடையில் கிடைக்காது.

நீ பிறந்ததும் அந்த வார்டில்தான். உன்னைச் சுற்றியிருந்த முதல் துணியை நான் மெஷினில் போடவில்லை. கையால் துவைத்தேன்.

தாய் வேறு, பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரிந்து இருவரும் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் வந்து சேர ஒரு நாள் முன்னே பின்னே ஆனாலும், பிள்ளையின் முதல் துணியை மட்டும் யாரிடமும் துவைக்கக் கொடுத்துவிடாதே. அப்படியே எடுத்து வை. நான் வந்துவிடுவேன்.

உன் அப்பா