படிக்கட்டின் பக்கம் கேமராவைத் திருப்பிய டீவிக்காரம்மாவுக்கு

டீவிக்காரம்மா,

இன்று காலை பஞ்சர் ஒட்டச் சொல்யூஷன் தேடிப் பெட்டியைத் துழாவியபோது, உங்கள் மைக்கில் மாட்டுகிற கறுப்புப் பஞ்சு கையில் அகப்பட்டது. கிழிந்துவிட்டது, ஒட்டிக் கொடுங்கண்ணா என்று நீங்கள் கொடுத்துவிட்டுப் போனது. ஒட்டி வைத்தேன். வாங்கிப் போக நீங்கள் வரவில்லை, நீங்கள் இறந்துபோய்விட்டீர்கள் என்ற செய்திதான் வந்தது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

உங்களுக்கு முன்னால் வேறொரு சேனல்காரர்கள் என் சைக்கிள் கடைக்கு வந்ததை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். சின்ன வயதிலேயே போலியோ வந்து இரண்டு காலும் போனவன் நான். ஒலக்கூரிலிருந்து பஸ்ஸில் வந்து, திண்டிவனத்தில் இறங்கியதும் என் மூன்று சக்கர வண்டியில் ஏறிக் கடைக்குப் போவேன். அன்றைக்கு அவர்கள் முதலில் செய்த வேலை, அந்த வண்டியை ஓரங்கட்டியதுதான். "பெரியவரே, வண்டி படத்துல வருது. அது இல்லாம தண்ணிப்பானை வரைக்கும் அப்படியே தவழ்ந்து போங்க." நானும் போனேன். டீவியில் வந்தபோது பின்னால் ஒரு சோகப் பாட்டு. முகத்துக்குக் கீழே ஓடிய எழுத்தை மருமகள் வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். திரும்பத் திரும்பக் கேட்டபிறகுதான் சொன்னாள்: "நடக்க முடியாத முதியவரின் கண்ணீர்க் கதை"யாம். நான் எங்கே அழுதேன்?

அதற்கடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டு கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். போகிற போக்கில் ஒருவர் என் கிளாஸுக்குள் காசு போட்டுவிட்டுப் போனார். உள்ளே பாதி டீ இருந்தது. டீக்கடைக்காரன் பார்த்துவிட்டு, "ண்ணா, நம்ம டீயில சக்கரை பத்தலன்னு நெனச்சிக்கினாரு போலக்குது" என்றான். சிரித்தேன். வீட்டுக்குப் போகிறவரைக்கும் சிரிப்பு நெஞ்சிலேயே சிக்கிக்கொண்டு கிடந்தது.

அந்தச் சூட்டோடுதான் விழுப்புரத்து முகாமுக்கு வந்திருந்தேன். எங்களைப் போன்றவர்களுக்குச் சான்று புதுப்பித்துத் தருகிற முகாம். அதை வைத்திருந்ததோ மாடியில். லிப்ட் கிடையாது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் வந்தவர்களைச் சொந்தக்காரர்கள் மூட்டை மாதிரி தூக்கிக்கொண்டு ஏறினார்கள். என்னைத் தூக்கவும் ஒருவர் குனிந்தார். "கைய எடுப்பா. நான் மேல வர்ல. டாக்டர கீழ வரச் சொல்லு" என்றேன். கூட்டத்தில் ஒருவர், "யோவ் பெருசு, பேஜாரு பண்ணாத. உன் பேரை உட்டுட்டு அடுத்த ஆளக் கூப்புட்டுருவாங்க" என்றார். அவர் சொன்னதும் நிஜம்தான். சான்று இல்லாவிட்டால் பஸ் பாஸ் இல்லை. பாஸ் இல்லாவிட்டால் தினமும் ஒலக்கூரிலிருந்து கடைக்கு வருகிறது எப்படி? தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். 

அப்போதுதான் நீங்கள் கேமராக்காரரோடு வந்தீர்கள். அவர் வந்ததும் வராததுமாக, "ண்ணா, ரெண்டே ரெண்டு படி ஏறுங்க, போதும்" என்றார். இவர்களும் அந்தக் கூட்டம்தான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"இன்னாடா நீ? படி தானே பிரச்சினை, படியப் படம் எடு. அவுரு ஏன் ஏறணும்?"

கேமரா படிக்கட்டுப் பக்கம் திரும்பியது. நீங்கள் புடவையை ஒதுக்கிக்கொண்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்தீர்கள். பேர் கேட்டீர்கள், தொழில் கேட்டீர்கள், திண்டிவனத்தில் எந்தப் பக்கம் கடை என்று கேட்டீர்கள். கால் எப்படிப் போனது என்று மட்டும் கேட்கவே இல்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "எல்லாரும் மொதல்ல அத்ததாம்மா கேப்பாங்க" என்றேன்.

"அது டாக்டர் கேக்க வேண்டியதுண்ணா. அவுரு ஏன் மேல உக்காந்துக்கினு இருக்காருன்றதுதான் நான் கேக்க வேண்டியது."

நடுவில் உங்கள் ஆபீஸிலிருந்து போன் வந்தது. அழுகிற மாதிரி ஒன்றாவது அனுப்பச் சொல்கிறார்கள் என்று உங்கள் பதிலிலிருந்தே தெரிந்தது. "இங்க யாரும் அழுவல சார். எல்லாரும் கோவமா இருக்காங்க. கோவம் வேணுமா, அனுப்பறேன்." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

பிறகு மேலே போய் அதிகாரியிடம் கேட்டீர்கள். கீழே இடமில்லை என்றாராம். நீங்கள் இறங்கி வந்து கீழே இருந்த ஒரு பெரிய அறையின் கதவைத் திறந்தீர்கள். உள்ளே பழைய பேனரும் கால் உடைந்த நாற்காலியும்தான். அதையும் படம் எடுத்துக்கொண்டீர்கள். அனுப்புவதற்கு முன்னால், கேமராவின் சின்னத் திரையில் எங்களுக்கு எல்லாவற்றையும் போட்டுக் காட்டினீர்கள். தம்பி தோளில் தொங்கிக்கொண்டு போன ஒரு பெண், "இது வாணாங்க்கா, என் மாமியார் ஊட்ல பாப்பாங்க" என்றது. நல்ல காட்சி அது, எனக்கே தெரிந்தது. உடனே அழித்தீர்கள்.

மத்தியானம் டாக்டர் கீழே வந்தார், பேனர்களுக்கு நடுவில் மேசை போட்டார்கள். உங்கள் கேமராவைப் பார்த்துத்தான் வந்தார் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ராத்திரி டீவியில் நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. "படி ஏற மறுத்தவரால் இறங்கி வந்த முகாம்" என்றீர்கள். பாட்டு இல்லை. என் முகத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று மருமகளைக் கேட்டேன். "சைக்கிள் கடை உரிமையாளர், திண்டிவனம்." இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன்.

மறுநாள் டீக்கடையில், "இன்னாண்ணா, டாக்டரையே கீழ எறக்கிட்டியாமே!" என்று ஆளாளுக்கு வம்பிழுத்தார்கள். பாவம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. ஒருவர் தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, பின்சக்கரம் ஆடுகிறது, பாருங்கள் என்றார். எழுத்து தெரியாத நான், ஒரு செய்தி நல்ல செய்தியா என்று இப்படித்தான் தெரிந்துகொள்கிறேன். அதைப் பார்த்தவர்கள் மறுநாள் என்னிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனிப்பேன்.

பிறகு ஒரு நாள் திருவாமாத்தூர்த் திருவிழாவைப் படமெடுத்துவிட்டுத் திண்டிவனம் வந்தபோது, பஞ்சரான ஸ்கூட்டரோடு கடைக்கு வந்தீர்கள். நம் முகாம் செய்தியைக் கொஞ்சம் பேர்தான் பார்த்தார்களாம், சோகப் பாட்டு போட்டிருந்தால் லட்சம் பேர் பார்த்திருப்பார்கள் என்று ஆபீஸில் திட்டினார்களாம். "அதான் என்னைத் தேர் பாக்க அனுப்பிட்டாங்க" என்று சிரித்தீர்கள். வருத்தம் இல்லையா என்று கேட்டேன். "இருக்குதுண்ணா. ஆனா பாட்டு போட்டிருந்தா அது உங்க நியூஸ் கிடையாதே" என்றீர்கள். அதைத்தான் நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

போன வாரம் என் கடை இருக்கிற தெருவில், பார்வையில்லாத ஒரு பெண் பரீட்சையில் முதலாவதாக வந்தாள் என்று செல்போன் சேனல்காரர் ஒருவர் வந்தார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், இவர் அவள் அம்மாவைப் பார்த்து, "பொண்ணுக்குப் பொறந்ததுலருந்தே இப்டியாங்க?" என்று ஆரம்பித்தார். நான் வண்டியைக் குறுக்கே விட்டேன்.

"தம்பி, பரீட்சை எழுதுனது அவங்கம்மா இல்ல. அவளக் கேளு. பரீட்சையப் பத்திக் கேளு."

 அவர் அவள் பக்கம் திரும்பி, எந்தப் பாடம் கஷ்டமாக இருந்தது என்று கேட்டார். அவள் கணக்கு வாத்தியாரைத் திட்ட ஆரம்பித்தாள். அதற்குமேல் எனக்கு அங்கே வேலை இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டேன்.