ஆனேக்கல் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி

காக்ஸ் டவுன்
பெங்களூரு, 6 பிப்ரவரி 2025

ரகு,

இல்லை, கோபம் இன்னும் போகவில்லை. போனை அணைத்து வைத்திருக்கிறாய், அதனால் எழுதுகிறேன். "உன்னால வீடே இருட்டாகுது" என்று மனைவி சொன்னதற்காக ஆனேக்கலில் தனியாக வீடு எடுப்பவன் நீ ஒருவன்தான்.

ஒன்பதாம் வகுப்புக்குச் செயற்கைக்கோள் படத்தில் மேகம் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். அரைமணிக்கு ஒரு படம். நகர்ந்தால் மேகம், நகராவிட்டால் தரை. மேகத்துக்கு நிழலும் இருக்கும்.

இந்த மாதம் வானம் சுத்தம். ஆனேக்கல் மேல் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி.

"ஸ்க்ரீன்ல தூசி மிஸ்" என்றான் பரத். துடைத்தேன்.

"தூசிக்கு நிழல் விழுமாடா, லூசு?" என்றாள் லாவண்யா.

நான்கு நாளாக அங்கேயே இருக்கிறது. நீ போயும் நான்கு நாள்.

சாப்பிடுகிறாயா?

ரூபினி


ஆனேக்கல்
11 பிப்ரவரி

ரூபினிக்கு,

சாப்பிடுகிறேன். ரசம்தான் வரவில்லை.

இங்கே மேகம் இல்லை. அண்ணாந்தால் நீலம். ஆனால் என் முற்றத்தில் வெயில் விழுவதில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் விழுகிறது.

வீட்டுக்காரர் கோவிந்தப்பா, "ஏனு சார், உங்க சட்டை மட்டும் மூணு நாளா ஈரம்? பிழியக் கத்துக்கலயா?" என்று சிரித்தார். நேற்று முற்றத்தில் வந்து நின்று பார்த்தார். அப்புறம் சிரிக்கவில்லை.

நீ சொன்னது உண்மைதான் போலிருக்கிறது.

ரகு


காக்ஸ் டவுன்
15 பிப்ரவரி

ரகு,

வா. கோபத்தில் சொன்னது.

ரூபினி


ஆனேக்கல்
19 பிப்ரவரி

ரூபினி,

சனிக்கிழமை காலை எட்டு மணி பஸ். மார்க்கெட்டில் இறங்குவேன். நீ படத்தைப் பார். அது என்னோடு வந்தால் மறைக்காமல் சொல். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்; பிறகு கூப்பிடாதே.

ரகு


காக்ஸ் டவுன்
22 பிப்ரவரி, காலை

ரகு,

எட்டரை மணிப் படத்தில் புள்ளி உன் பஸ் வழியில், சந்தாபுரா மேல். ஒன்பதுக்கு எலக்ட்ரானிக் சிட்டி. "நகருது மிஸ்! அப்ப மேகம்தான்!" வகுப்பே கைதட்டியது.

உன்னோடுதான் வருகிறது. கேட்டாய், சொல்லிவிட்டேன்.

ஊருக்குள் வந்தால் புள்ளி தெரியாது. படத்தின் மேல் பெங்களூரு என்ற பெயர் பெரிதாக மறைத்திருக்கும். அந்த எழுத்துகளைத் திரையிலிருந்து நீக்கினேன். அடியில் இன்னொரு புள்ளி. காக்ஸ் டவுன் மேல்.

பழைய படங்களைப் புரட்டினேன். நீ போனபோது அது நகரவில்லை. நம் கல்யாணத்துக்கு முன்னாலும் இருக்கிறது.

யாரும் கைதட்டவில்லை. ஜன்னலில் நீல வானம். பிள்ளைகளின் பெஞ்சுகளில் வெயில். என் மேஜையில் இல்லை.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, இந்தக் கடிதத்தை உன் கையில் தர மார்க்கெட் பஸ் ஏறுகிறேன்.

ரூபினி