தக்காளிப் பாத்திக்கு மூடாக்கு

மஸ்கட்

அன்புள்ள லூயிசாவுக்கு,

கர்த்தரின் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாரிகுப்பம் டக்ளஸ் லீவில் ஊருக்கு வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் சிரித்தே கட் பண்ணிவிடுவாய்.

நான் கிளம்பும் முன் நம் லைன் வீட்டு வாசலில், தக்காளிப் பாத்தி மேல் காய்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்பிவிட்டு வந்தேன். வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று நீ அதைச் சுத்தமாகப் பெருக்கித் தள்ளிவிட்டாய். “பாஸ்டர் வர்ற வீட்ல இன்னாங்க, குப்பைய செடிக்குப் போர்த்தி வச்சிகினு?” என்று போனில் கேட்டாய். இப்போது செடி வாடுகிறது என்கிறாய்.

போன வாரம் ஓட்டல் தோட்டத்து வேலையில் லேசாகத் தலை சுற்றியது. பெரிதாக ஒன்றுமில்லை. மரத்தடியில் படுக்க வைத்தார்கள். வெளியே அனலாய்க் கொதித்தது. அங்கே மூடாக்குப் போட்டிருந்த இலைக்குள் கையை விட்டேன். மண் ஜில்லென்று ஈரமாக இருந்தது. உடனே நம் பாத்திதான் ஞாபகம் வந்தது.

அதனால் மறுபடியும் போடு. காய்ந்த மண்ணில் போடாதே. மழை பெய்து மண் நன்றாக ஊறிய மறுநாள், களையைப் பிடுங்கிவிட்டு, நாலு விரல் கனத்துக்கு இலையைப் பரப்பு. பரப்பியதும் ஒரு போட்டோ அனுப்பு. அதில் உன் கால் தெரிந்தாலும் பரவாயில்லை.

வேன் ஹாரன் அடிக்கிறது, டியூட்டிக்குப் போக வேண்டும். ஒன்று விட்டுப்போச்சு: தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் விடு, ஒட்டிக் கிடந்தால் அழுகிவிடும். தள்ளியிருப்பது செடிக்கு மட்டும்தான் நல்லது.

உன்
இவான்